எல்லா வசதியும் உள்ள கல்லூரி

சிவஞானம் அண்ணையைத் தெரியாதவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறார்களா? எங்களுக்கு நேர் கீழ்வீடு. மகள் துஷ்யந்தி இந்தியாவில் ஒரு பெண்கள் மருத்துவக் கல்லூரியில் முதலாம் வருடம். இடம் கிடைத்த நாளிலிருந்து அந்தக் கல்லூரியின் வரலாறு எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் மனப்பாடம்.

யாரோ ஒரு வெள்ளைக்கார டொக்டரம்மா ஓலைக் கொட்டிலில் தொடங்கியதாம். இப்போது பெரிய லைப்ரரி, தனி ஹொஸ்டல், உயர்ந்த மதில், ஆறு மணிக்கே பூட்டுகிற கேற்... கேற்றைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அண்ணைக்குக் குரல் தழுதழுக்கும்.

லீவுக்கு வந்த பிள்ளை, படிக்கவென்று எலும்பு செட் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். மண்டையோடு உட்பட! சீனியர்களிடம் வாங்குவது அங்கே வழக்கமாம். தாய் பூமணி அக்கா அந்தப் பையை வாசல் தாண்ட விடவில்லை. பாவம், பிள்ளை மாடிப்படியில் இருந்துதான் படித்தாள்.

போன கிழமை அவள் திரும்பும் நாள். மறுநாள் காலை பரீட்சை. பிளேனை விட்டால் ஒரு வருடம் போச்சு. எனக்குச் சிங்களம் கொஞ்சம் ஓடும் என்பதால், என் வானில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எயார்போர்ட்டுக்குப் புறப்பட்டேன்.

பாதி வழியில் செக்பொயின்ட். இளம் சிப்பாய் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார்.

மண்டையோட்டின் நெற்றியில் மூன்று குறியாகத் திருநீறு. நடுவில் சந்தனப் பொட்டு. அக்காவின் வேலை!

"மே கவுத?" என்றார் சிப்பாய். இது யார்?

'என்ன' என்று கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். யார் என்றால்... என்னத்தைச் சொல்ல? விசாரணை என்று இருத்தி வைத்தால் பிளேன் போய்விடும்.

அண்ணை முந்திக்கொண்டார். உடைந்த சிங்களத்தில் — வேறென்ன, கல்லூரி வரலாறுதான். கொட்டில், லைப்ரரி, மதில்... கதை கேற்றுக்கு வந்தபோது சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதற்குப் பொட்டு வைத்தது யார்?"

துஷ்யந்தி கல்லூரி அட்டையை நீட்டினாள். "அம்மாதான். ஆவி என்னோடு வந்துவிடும் என்று பயம்," என்று சிங்களத்தில் சொன்னாள்.

சிப்பாய் அக்காவைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டில் பிக்கு ஓதிக் கட்டியிருந்த பிரித் நூலைப் பார்த்தார்.

"என் அம்மா என்றால் இதற்கு நூலும் கட்டியிருப்பா," என்றார். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

பையை மூடி வானை எடுத்தேன். பிறகு அக்கா சொன்னா, "பாத்தியளே தம்பி, திருநீறு இல்லாட்டி விட்டிருப்பாங்களே?"

ஓம் என்று தலையாட்டினேன். பிளேன் கிடைத்துவிட்டதே, பிறகென்ன வாதம்?

நேற்றுப் படியில் அண்ணையைக் கண்டேன்.

"பிள்ளை போன் எடுத்தவள். பரீட்சை நல்லாச் செய்தவளாம். அங்க எல்லா வசதியும் இருக்குத் தம்பி... திருநீறு மட்டுந்தான் நாங்கள் அனுப்ப வேணும்."