அண்ணன் வைத்த எலுமிச்சம்பழம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களே, நண்பர்களே, அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. நாற்பதைத் தாண்டிச் சிறிது காலமே ஆன மனிதரை, எடுத்த வேலை முடிவதற்குள் கொண்டுபோனதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அண்ணன் பிறந்தது பாகூரை அடுத்த எங்கள் கிராமத்தில், கரும்பும் நெல்லும் பயிரிட்ட குடும்பத்தில். அப்பா இறந்தபோது அண்ணன் கல்லூரியில் இருந்தார், தங்கை நான் பள்ளியில். காலையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காலில் சேறு காய்வதற்குள் பேருந்து பிடித்துப் போய் இயந்திரவியல் படித்து முடித்தார். பிறகு திருபுவனையில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வடிவமைப்புப் பிரிவில் வேலை. என்னைப் படிக்கவைத்ததும் எனக்குத் திருமணம் செய்துவைத்ததும் அவர்தான். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

உறவினர்களில் பாதிப் பேருக்கு அண்ணன் ‘மெக்கானிக்’. கல்யாண வீட்டில் யாருடைய பைக் கிளம்பாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார், அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். உண்மையில் அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நம் டிராக்டர் சேற்றில் சிக்கினால் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும், மற்றது அசையாமல் நிற்கும். இரண்டு சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் குணம் அது. வழுக்குகிற சக்கரத்தைத்தான் சுற்றவிடும். டிராக்டரில் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி அதைப் பூட்ட ஒரு மிதி உண்டு. பந்தயக் காரில் அப்படிப் பூட்டினால் வளைவில் வண்டி திரும்பாது. பூட்டவும் கூடாது, முழுக்க விட்டுவிடவும் கூடாது. அப்படி நடுவில் நின்று பார்த்துக்கொள்ளும் கருவி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்குக் கொடுக்கும் காசுக்குப் பந்தயம் ஓட்டும் நம் பிள்ளைகள் இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். நண்பர்களோடு மண்சாலைப் பந்தயங்களுக்குப் போய்வந்த அண்ணனுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. சின்னக் கார்களின் கியர்பாக்ஸுக்குள் பொருந்துவதாக, நம் பக்கத்து லேத் பட்டறையிலேயே கடைந்துகொள்ளக் கூடியதாக, பைக் கிளட்ச் தட்டுகளை வைத்தே ஒன்றைச் செய்துவிடுவது என்று இறங்கினார். வில்லியனூரில் கார் பட்டறை வைத்திருக்கும் நண்பர் குமரன் அவருக்குத் துணை நின்றார்.

சோதனை நடப்பது எங்கள் வயலோரச் சாலையில். காரின் ஒரு முன்சக்கரத்தைச் சேற்றில் இறக்குவார்கள். மறு சக்கரம் கெட்டித் தரையில் நிற்கும். புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்போமே, அதுபோல் அந்தத் தரைச் சக்கரத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு பழத்தை வைப்பார். கருவி வேலை செய்தால் தரைச் சக்கரம் உருண்டு பழம் நசுங்கும். இல்லாவிட்டால் சேற்றுச் சக்கரம் மட்டும் சுற்றும், பழம் அப்படியே இருக்கும்.

பழம் அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். “சாமிக்கு வெக்கிற பழத்த வெச்சி டெஸ்ட்டு பண்றான் பாரு” என்று அம்மா திட்டுவார். அண்ணி அவற்றை ஊறுகாய் போட்டார். “இந்த வூட்ல வேற எதுக்குப் பஞ்சம் வந்தாலும் ஊறுகாய்க்கு வராது” என்று நாங்கள் கேலி செய்வோம். அண்ணனும் சிரித்துக்கொண்டே சோற்றில் அந்த ஊறுகாயையே தொட்டுக்கொள்வார்.

வயிற்றுவலி என்று போனவருக்கு இரைப்பையில் கட்டி என்றார்கள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. படுக்கையில் விழுந்த பின்னும் அவர் கேட்டது ஒன்றுதான். கடைசியாக வரைந்து கொடுத்த கருவியைக் குமரன் வண்டியில் மாட்டிப் பார்த்தாரா? மாட்டிப் பார்த்தாயிற்று, பழம் நசுங்கவில்லை. அதை அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. “இன்னும் மாட்டலண்ணா” என்றே குமரன் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அம்மா முந்தானையில் முடிந்த பழம் ஒன்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சப்பையாகியிருந்த அந்தப் பழத்தை அண்ணன் கையில் வைத்து, “நசுங்கிடுச்சிடா. என் கண்ணால பாத்தேன்” என்றார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போதும்மா எனக்கு” என்றார். அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இது கல்லுல வெச்சி நசுக்குனதுடி. டயர் ஏறுன பழத்துல வரி வுழும். அம்மா கிட்ட சொல்லிடாத.”

அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு குமரனுக்குப் போன் போடச் சொல்லி, மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

“பழம் நசுங்கலன்னு தெரிஞ்சிபோச்சிப்பா, மறைக்காத. கிளட்ச் தட்டுங்க தேஞ்சிடும்னு பயந்து, அதுங்கள அமுக்குற ஸ்ப்ரிங்க நான் லூசா வுட்டுட்டேன். சக்கரம் வழுக்குன பொறவு புடிச்சா பிரயோஜனம் இல்ல. சும்மா நிக்கறப்பவே கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிருக்கணும். கனமான ஸ்ப்ரிங்கா போட்டுப் பாரு.”

நாங்கள் எல்லோரும் அன்பினால் மறைத்ததை அம்மாவின் பொய்தான் அவருக்குச் சொல்லிவிட்டது. அந்தப் பழத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சில நாட்களில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

சொல்லாதே என்றதை மலரில் எழுதலாமா என்று தவித்து, கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். “எழுதுடி. அவனுக்குத் தெரியும்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். போதும்னு சொன்னான் பாரு, போதும்னு சொல்ற ஆளா அவன்?” என்றார். அண்ணி கடைசியாகப் போட்ட ஊறுகாய் ஜாடி அடுக்களையில் மூடியபடியே இருக்கிறது. அதைத் திறக்க எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் துணையிருந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் உலை வைக்கவிடாமல் சோறு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய திருபுவனை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குமரனுக்கு நன்றி என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவர் செய்ததையே எழுதிவிடுகிறேன்.

கருமாதி முடிந்து, மழை தொடங்கிய சமயம் குமரன் காரோடு வந்தார். அண்ணன் சொன்ன ஸ்ப்ரிங்கைப் போட்டிருந்தார். அதே வயலோரச் சாலையில் ஒரு சக்கரத்தைச் சேற்றில் இறக்கினார். தரைச் சக்கரத்துக்கு முன்னால் அண்ணி பழத்தை வைத்தார். குமரன் வண்டியை எடுத்தார். சேறு தெறித்தது. தரையில் நின்ற சக்கரமும் மெல்ல உருண்டு பழத்தின் மேல் ஏறி இறங்கியது.

யாரும் கை தட்டவில்லை. குமரன் கதவைத் திறக்காமல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதார். அம்மாதான் முதலில் குனிந்து பழத்தை எடுத்தார். அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். தோலில் டயரின் வரிகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

வீட்டுக்கு வந்து அதை அண்ணனின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அம்மாவுக்கு நான் வைத்த விதம் பிடிக்கவில்லை.

“வரி தெரியிற பக்கத்த அவன் பாக்குற மாரி திருப்பி வையிடி” என்றார். “இல்லன்னா நம்ப மாட்டான்.”