மைனஸ் ஆறில் ஒரு நகரம்

முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். மடித்து, திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். அங்கே அவர் மனைவியின் கை தயாராக இருக்கும். கண்ணாடி அந்தக் கைக்குப் போய், உறைக்குள் போய், உறை தோள்பைக்குள் போய், ஜிப் மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் மடக்கு நாற்காலியில் உட்கார்வார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நகரத்தின் ஏதாவதொரு தெருமுனையில் இது நடக்கும்.

இதில் வேடிக்கை, மனிதர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள், வருகிறவர் போகிறவரையெல்லாம் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, "கடைசி வரி தெரியுதா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. குத்துமதிப்பா சொல்றதுக்கு இது பரீட்சை இல்ல" என்று அதட்டுகிறவர். ஒருமுறை நான் கண்ணாடி போடாமல் சாலையைக் கடந்து அவர் கடைக்குப் போய், அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பேர்ப்பட்டவர் ஏழாவது நாள் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஊரை வரைய உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் ஆறு. ஒரு சாணுக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவருக்கு வதந்திதான்.

கேட்டால் விளக்கம் வைத்திருக்கிறார். "கண்ணாடி போட்டா ஒவ்வொரு இலையும் வந்து என்னை எண்ணு, என்னை எண்ணுன்னு நிக்குது தம்பி. கழட்டிட்டா மரம் மட்டும்தான் இருக்கு. ஊரே தண்ணியில கரைஞ்சு ரெடியா நிக்கும்போது, நான் எடுத்துப் பேப்பர்ல ஊத்த வேண்டியதுதானே?"

ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் படங்கள் நன்றாக இருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த தெரு அவர் தாளில் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. ஜன்னல் ஜன்னலாக எண்ணிக் கோடு போட்டு, கடைசியில் வங்கிக் கட்டடத்தைச் சிறைச்சாலையாக்கி வைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வயிறு எரிகிறது, வேறென்ன.

வெளியில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் அவர் 'மூக்கு'தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அது இல்லை. தாளும் ஒரு சாணுக்குள் இருந்தால்தான் அவருக்குத் தெரியும் என்பதால், தூரிகை போகிற இடத்துக்கெல்லாம் மூக்கும் கூடவே போகும். மூக்கு நுனியைப் பார்த்தே அன்றைக்கு என்ன வரைந்தார் என்று சொல்லிவிடலாம். நீலமென்றால் வானம். செங்காவியென்றால் ஓட்டுக்கூரை. மூன்று நிறமும் கலந்திருந்தால் படம் கெட்டுப்போய்விட்டது, பேச்சுக் கொடுக்கக்கூடாது.

தூரிகையைத் தேநீரில் அலசுவதும், தூரிகை அலசிய தண்ணீரைக் குடிப்பதும் வாடிக்கை. குடித்துவிட்டு, "இன்னிக்கு டீ கொஞ்சம் லைட்டா இருக்கு" என்பார். ஒருநாள் தெருவோரத் தபால்பெட்டியைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா, கட்டடம் மறைக்குது" என்று மூன்று தடவை மரியாதையாகக் கேட்டார். பதில் வராததால், "நல்லா சாப்பிட்டு வளர்ந்த உடம்பு, திமிரு இருக்கத்தானே செய்யும்" என்று முணுமுணுத்தபடி அதையும் படத்தில் சேர்த்துக்கொண்டார். சிவப்புச் சட்டை போட்ட குண்டு மனிதராக.

அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, கண்ணாடியை வாங்கி வைப்பதோடு வேலை முடியாது. மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு நாற்பது அடி நடந்துபோய் நிற்கவேண்டும். தெருவில் ஓர் ஆளாவது நின்றால்தான் கட்டடம் எவ்வளவு உயரம் என்று படத்தில் தெரியும் என்பது அவர் கொள்கை. மஞ்சள் எதற்கென்றால், அது ஒன்றுதான் அவர் கண்ணுக்கு அத்தனை தூரத்திலும் தட்டுப்படும். பதினோரு வருடமாக அவர் வரைந்த ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஒரு மஞ்சள் தீற்றல் இருக்கும்.

"நான் வெறும் புள்ளி தம்பி. புள்ளிக்குக் கீழ ரெண்டு கால். அவ்வளவுதான் என் கதை" என்று அக்கா அலுத்துக்கொள்வார். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் சுவரில் மாட்டிய படங்களைக் காட்டி, "இதுல நான் எங்க இருக்கேன், கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று கண் பரிசோதனையே நடத்துவார்.

போன மாதம் பொது நூலகத்தில் எங்களுக்கு ஒரு சுவரை ஒதுக்கினார்கள். இருப்பதிலேயே நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டினார் மூக்கு. மழை விட்ட காலையில் மணிக்கூண்டு. கீழே அட்டையில் தன் கையாலேயே தலைப்பு எழுதினார்: 'என் மனைவி, மணிக்கூண்டருகே.' அக்கா தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். படத்தின் முன்னால் இரண்டு பேரும் நெடுநேரம் நின்றார்கள்.

"ஏங்க, என் கால்கிட்ட இது என்ன?"

"உன் கைப்பை."

"என் பை தோள்லதான் தொங்கும். இதுக்கு வால் இருக்கு."

"அது... பை வாரு."

"வாரு ஆடுதே!" என்றார் தங்கை.

நூலகர் வந்து, பேசாதீர்கள் என்று சைகை காட்டினார். அக்கா யோசித்துப் பார்த்தார். அன்றைக்கு ரொட்டி வாங்கப் போனவர் கடையில் கூட்டமிருந்ததால் அரைமணி கழித்துத்தான் திரும்பி வந்தார். அந்த அரைமணியில் யாரோ ஒரு பெண் மஞ்சள் குடையும் நாயுமாக வந்து அதே இடத்தில் நின்றிருக்கிறாள். மனிதர் அவளை உட்கார்ந்து ரசித்து ரசித்துத் தீட்டியிருக்கிறார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மூக்கு பரிதாபமாக. "கொஞ்சம் இடது பக்கம் நகருன்னு கத்தினேன். உடனே நகர்ந்தாளே!"

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். "ரெண்டடின்னு சொன்னேன், சரியா ரெண்டடி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"சொன்னதும் நகர்ந்தாளா?" அக்காவின் குரல் நூலகத்தின் கடைசி அலமாரிவரை போனது. "இருபத்தேழு வருஷத்துல நீங்க சொல்லி நான் என்னைக்காவது நகர்ந்திருக்கேனா? அதுலயே தெரிய வேணாமா உங்களுக்கு, அது நான் இல்லைன்னு?"

நூலகர்கூட யோசித்தார்.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. "அந்த நாய்க்காரியையே கூப்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். மூக்கு தனியாக வந்தார். வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, வலது கையை நீட்டி, விரல்களைத் தளர்த்தினார். கண்ணாடி நேராக வடிகாலுக்குள் போய் விழுந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் தெருவில் மண்டியிட்டுத் துழாவ, நாங்கள் ஏழு பேரும் துழாவினோம். அதற்கடுத்த ஞாயிறு, கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தார். தாளை நனைத்தார், காயவிட்டார், மறுபடியும் நனைத்தார். நண்பகல்வரை ஒரு தீற்றல்கூட விழவில்லை. மூக்கு நுனி சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"அளவு பிடிபடல தம்பி" என்றார். "மணிக்கூண்டு பெரிசா சின்னதான்னே தெரியல. அவ பக்கத்துல நின்னாத்தான் அதெல்லாம் தெரியும்."

இதை நான் கடைக்குப் போய் அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். வேண்டுமென்றேதான். அக்கா ஒரு ஃபிரேமின் திருகை முடுக்கிக்கொண்டே கேட்டார். முடுக்கின திருகையே மறுபடியும் முடுக்கினார். பிறகு நிபந்தனை வந்தது. "ஒரே ஒரு தடவை வரேன். படத்தை என் தங்கச்சி பார்த்தா, இது அக்கான்னு சொல்லணும். சொல்லலைன்னா குடையை அந்த நாய்க்காரிகிட்டயே குடுத்துடுவேன். அப்புறம் ஊர்ல இருக்கிற மஞ்சளையெல்லாம் அவரே மேய்ச்சுக்கட்டும்."

மூன்றாவது ஞாயிறு மணிக்கூண்டடியில் கூடினோம். நிற்கிற உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டதாக அறிவித்து, அக்கா குடையோடு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். நாற்பது அடி தள்ளி மூக்கு, என்றைக்கும் இல்லாத வழக்கமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். விபரீதமாகிவிட்டது. பதினோரு வருடமாகக் காத்திருந்த செங்கல்லெல்லாம் ஒன்றாக எழுந்து நின்று எண்ணச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் பதினான்கு செங்கல் வரைந்திருந்தார். படத்தில் அக்காவின் இடத்தில் இருந்தது, பல்வலி வந்த அரசாங்க ஊழியர். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குடையை மடக்கத் தொடங்கினார்.

மூக்கு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். மடக்கு நாற்காலியை ஒரு கையிலும் தாள் ஒட்டிய பலகையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, மஞ்சளை நோக்கி நேராக நடந்தார். வழியில் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி, "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். வண்ணப்பெட்டியையும் தண்ணீர்க் குவளையையும் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். அக்காவின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முன்னால் நகர்ந்தார், இன்னும் நகர்ந்தார், அக்காவின் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட மிச்சமில்லை என்னும்போது நின்றார்.

"ம்ம், இப்ப தெரியுது."

"மூச்சு மேல படுது. ஊரே பாக்குது. தள்ளி உக்காருங்க."

"தள்ளினா நீ போயிடுவே."

அக்கா பாதி மடக்கிய குடையை மறுபடியும் விரித்தார். பலகையை அக்காவின் கன்னத்தோரம் சாய்த்துவைத்துக்கொண்டு மூக்கு வேலையை ஆரம்பித்தார். தாள் முழுக்க முகம்தான். மணிக்கூண்டு காதோரம் கம்மல் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

"இந்த மச்சம் எப்ப வந்துது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

மச்சத்துக்காகத் தூரிகையைப் பழுப்பில் தோய்த்தவர், திடீரென்று சந்தேகம் வந்ததுபோல் நிறுத்தினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கொஞ்சம் இடது பக்கம் நகரு" என்றார்.

அக்கா அசையவில்லை.

அவர் பரம திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியைத் தூக்கித் தான் நகர்ந்து உட்கார்ந்தார்.