பயப்படாத ஆளுங்க

விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் நிற்கிறேன். ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்த வாரம், எங்கள் சூப்பர்வைசருக்கு தேசபக்தி பொங்கி வழிந்தது. "அவங்களுக்கு எல்லாத்துக்கும் புத்தகம் வேணும். நம்ம இந்தியாக்காரன் கையில கெடச்சத வச்சே சமாளிச்சுருவான்" என்பார். கேட்க எனக்கும் குளுகுளுவென்றுதான் இருந்தது. இன்ஜினியர் சாப்பிடப் போய்விட்டால் அந்த இந்தியா சுருங்கிவிடும். பக்கத்து மிஷினில் நிற்கும் ஒடிசாப் பெண் உடனே வடக்கத்தி ஆகிவிடுவாள். சுறுசுறுப்பு எங்களுக்கு, சோம்பல் அவளுக்கு.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த அன்று என் மிஷின் ஓடவில்லை. உள்ளே கை இருந்தால் மிஷினை நிறுத்திவிடும் சென்சார் ஒன்று உண்டு. யாரோ பக்தி முற்றி அதன் கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். காய்ந்த சந்தனத்தைக் கை என்று நினைத்து மிஷின் மறுத்திருக்கிறது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்ஜினியர் சாப்பிடப் போனதும் சூப்பர்வைசர் ஒரு ஒயர்த் துண்டை மாட்டி, சென்சாரே இல்லாமல் மிஷினை ஓடவிட்டார்.

முதலில் ஒடிசாப் பெண்ணைத்தான் நிற்கச் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"பாத்தியா, வடக்கத்திக்கு வேலைன்னாலே கசக்கும். நீ இங்கிட்டு வாம்மா. நம்ம ஆளுங்க பயப்பட மாட்டாங்க."

போய் நின்றேன். அப்படிச் சொன்ன பிறகு எப்படிப் பயப்படுவது? ஒவ்வொரு தகட்டையும் வைத்துக் கையை எடுக்கும்போது விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. பழக்கதோஷத்தில் அதை நேராக்கக் கையை நீட்டிவிட்டேன். மணிக்கட்டைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். அதே நொடி பிரஸ் டம்மென்று இறங்கியது. திரும்பினால் ஒடிசாப் பெண். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு இன்ஜினியர் ஓடிவந்தார். அதற்குள் சூப்பர்வைசர் மிஷினை நிறுத்தி, ஒயரை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"நோ ப்ராப்ளம் சார். இந்தியன்ஸ் வெரி அலர்ட்!"

இந்தியன்ஸ் என்றபோது அவர் விரல் எங்கள் இருவரையும் சேர்த்துக் காட்டியது. அவள் இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. விடச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.