இருவருக்கு ஒரு ஜோடி ஸ்கீ

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம், ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். மெல்போர்னிலிருந்து காரில் சில மணி நேரம் போனால் வரும் ஒரு பனிமலை. காலையில் அறைக் கதவைத் திறந்தால், முந்தின நாள் நிறுத்திய காரைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது. நானும் தோழியும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். இருவருக்கும் வயது நாற்பது தாண்டிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மெல்போர்னின் ஒரு கோடியில், ட்ருகனினாவில் வசிக்கும் மதுரைக்காரி, ஐ.டி. வேலை. தோழி மறுகோடியில், டண்டினொங்கில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ். பனிச்சறுக்கு வகுப்பின் முதல் நாளில் ஒரே இடத்தில் விழுந்து, ஒரே நேரத்தில் "ஐயோ அம்மா" என்று அலறியதில் ஆரம்பித்த நட்பு. பூட்ஸ் அளவும் இருவருக்கும் ஒன்றே. அதனால்தான் அந்த விபரீத யோசனை வந்தது. பவுடர் மாதிரி விழும் புதுப்பனிக்கென்று அகலமான ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, ஒரு ஜோடியை இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம்.

இயந்திரம் அமுக்கிச் சமமாக்கிய பாதைக்கு எங்களிடம் இருந்த ஒல்லி ஸ்கீ போதும். அதை விட்டு விலகி, யாரும் மிதிக்காத பனியில் இறங்கினால் ஒல்லி ஸ்கீ புதைந்துவிடும். மிதக்க அகலம் வேண்டும். ரொம்ப அகலமாக எடுத்தாலோ, இங்கே அடிக்கடி இறுகிக் கிடக்கும் பனியில் திருப்புவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். கல்யாணப் புடவைக்குக்கூட நான் கடையில் அவ்வளவு நேரம் நின்றதில்லை. அவர் இருப்பதிலேயே அகலமானதைத் தூக்குவார். நான், "வேணாம்ங்க, இதுல துணி இஸ்திரி போடலாம்" என்பேன். கடைசியில் நடு அகலத்தில், முனை நன்றாக வளைந்த, என் மூக்கு உயரத்துக்கு நின்ற ஒரு ஜோடி இருவருக்கும் பிடித்துப்போனது. வெள்ளை வெளேரென்று என்ன அழகு!

அதன்பிறகு நாங்கள் மலைக்குப் போன வாரக்கடைசிகளில் எல்லாம் மழை. ஸ்கீ கார் கூரையில் ஊர் சுற்றியதுதான் மிச்சம். அதனால்தான் அன்று அந்தக் குதி குதித்தோம். ஒரு தடவை ஒருவர், அடுத்த தடவை மற்றவர் என்று ஒப்பந்தம். பூவா தலையா போட்டதில் முதல் முறை எனக்கு வந்தது.

நாற்காலி லிஃப்டில் உச்சிக்குப் போய், பாதுகாப்புக்காகக் கட்டிய எல்லைக் கயிறுகளுக்குள்ளேயே இருந்த யூகலிப்டஸ் மரச்சரிவில் இறங்கினேன். அடடா! காலுக்குக் கீழே தரையே இல்லை. சத்தமும் இல்லை. லேசாகச் சாய்ந்தால் போதும், ஸ்கீ தானாகத் திரும்புகிறது. முகத்தில் பனி தெறிக்க, நான் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே போனேன். சரிவின் பாதியில் தலைகுப்புற உருண்டேன். எழுந்து பார்த்தால் ஒரு காலில் ஸ்கீ இல்லை.

தோழி ஒல்லி ஸ்கீயில் புதைந்து, விழுந்து, வந்து சேர்ந்தார். இருவரும் கையால் பனியைத் தோண்டினோம். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடுவது இருக்கிறதே! அதற்குள் காற்று ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், தூரத்தில் லிஃப்ட் நாற்காலிகள் காலியாக, அசையாமல் தொங்கின. காற்றுக்காக நிறுத்திவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொலைந்தது ஸ்கீ மட்டுமா, அவருடைய முறையும் அல்லவா? அவரோ நிமிர்ந்து சரிவின் மேல்பக்கத்தைப் பார்த்தார்.

"அந்தரப்படாதேங்கோ," என்றார். "உருண்டு வந்தது நீங்கள்தானே. ஸ்கீ வரேல்லையே. மேல தேடுவம்."

அதுவரை கீழேயே துழாவிக்கொண்டிருந்தோம். மேலே ஏறி, மிச்சமிருந்த ஸ்கீயால் பனியைக் குறுக்கே கீறிப் பார்த்தோம். 'டொக்'கென்று ஒரு சத்தம். இருவரும் கத்திய கத்தலில் மரத்துப் பனி கொட்டியது.

"கெதியாப் போடுங்கோ, முகில் இறங்குது."

"நான் போடலைங்க. இனிமே உங்க முறை."

"விசரே உங்களுக்கு? என்ர ஸ்கீயில நீங்கள் எப்பிடி இறங்குவியள்?"

"விழுந்து விழுந்து இறங்குவேன். போடுங்க!"

கீழே சமப்படுத்திய பாதை கண்ணுக்குத் தெரிந்தது, அந்தத் தைரியம்தான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சரிவிலேயே மாற்றிக்கொண்டோம்.

எதிலும் நிதானமானவர் அவர். மெதுவாகத்தான் நகர்ந்தார். இரண்டாவது வளைவில் ஸ்கீ பனிக்கு மேலே எழும்பி மிதந்தது. "ஐயோ அம்மா!" என்று மலை அதிரக் கத்தினார். கீழே விழாமல் அவர் சொன்ன முதல் "ஐயோ அம்மா" அது. இடுப்பளவு பனியில் சிக்கி நின்றபடி நான் கைதட்டினேன். பிறகு வாயெல்லாம் பனியாக நான் உருண்டு சேர்ந்தபோது, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது வீட்டில், "ஆளுக்கொரு ஜோடி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?" என்கிறார்கள். நாங்கள் வாங்கவில்லை. அன்று நான் சறுக்கியதில் பாதி மறந்துவிட்டது. என் தோழி மிதந்துபோனதை நின்று பார்த்த அந்தச் சில நிமிடங்கள் மட்டும், நினைக்கும்போதெல்லாம் என்னை அந்த மலையில் மறுபடி கைதட்ட வைக்கின்றன.