வராத கப்பலுக்கு வாங்கிய வஞ்சிரம்

1. என் போர்டு

டெலிபோன் போர்டில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பிளக்கைச் செருகியதும் லைன் கிடைத்ததா என்று ஒரு விநாடி கேளுங்கள். உடனே கேட்கும் கீயை மூடிவிடுங்கள். அந்த ஒரு விநாடியில் காதில் விழுந்ததை வைத்து ஓர் ஆளைக் காப்பாற்றியவள் நான். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

அப்போது யுத்த காலம். ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் ஃபிட்டர். எந்தக் கப்பல் எப்போது வரும் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. மேனேஜர் வரதராஜன் தன் கையாலேயே ‘நாவை அடக்குக’ என்று எழுதி, என் போர்டுக்கு மேலே ஒட்டியிருந்தார். கப்பல் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர், அவரை மோட்டார் படகில் கப்பலுக்குக் கூட்டிப்போகும் லாஞ்ச் டிரைவர் மாசிலாமணி.

மாசிலாமணி மீனவக் குப்பத்து ஆள். தினமும் காலையில் லாஞ்ச் சீட்டு வாங்க வருவார்.

“இன்னா சரோஜா, லைன் கீதா?” என்பார்.

லைன் எப்போதும் இருக்கும். அது அவருக்கும் தெரியும். அவர் வராத நாள் எனக்கு வேலை ஓடாது.

2. பூட்டிய கதவு

ஒரு வியாழக்கிழமை காலை சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர் வந்தார். கப்பல் வருவதற்கு முதல் நாளே கல்மண்டபம் மீன் மார்க்கெட்டில் அதைப் பற்றிப் பேசுகிறார்களாம். மாசிலாமணியை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டினார்கள்.

“குப்பத்து ஆளு சார். வேற யாரு சொல்லியிருப்பா?” என்றார் மேனேஜர்.

“யுத்தக் கேஸு. உள்ள போனா எப்ப வெளிய வருவான்னு சொல்ல முடியாது” என்றார் இன்ஸ்பெக்டர்.

என் காது ஸ்டோர் ரூம் பக்கமே இருந்தது. லைனை மாற்றிச் செருகி, ஒரு சுங்க அதிகாரியை ஐஸ் டிப்போக்காரரோடு பேசவைத்துவிட்டேன்.

“நான் மீனுக்கு ஐஸ் குடுக்குறவன்மா, என்னை ஏன் பேஜார் பண்றே?” என்று டிப்போக்காரர் சத்தம் போட்டார்.

மீன் என்றதும்தான் எனக்கு உறைத்தது. கப்பல் கேப்டன்களுக்கு வஞ்சிரம் கொடுத்து வரவேற்பது மேனேஜரின் வழக்கம். முதல் நாளே மீன் காண்ட்ராக்டருக்குப் போன் போகும். ‘இருபது ராத்தல், முழு மீன், வெட்டக் கூடாது.’ கப்பல் என்ற பேச்சே இருக்காது. அந்த ஒரு விநாடியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். போன் கால்களை எழுதிவைக்கும் ரிஜிஸ்தரைப் புரட்டினேன். கப்பல் வந்த ஒவ்வொரு தேதிக்கும் முதல் நாள் காண்ட்ராக்டரின் நம்பர், என் கையெழுத்திலேயே இருந்தது.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் மாசிலாமணி ஜெயிலுக்குப் போவார். பயந்துகொண்டேதான் இன்ஸ்பெக்டரிடம் ரிஜிஸ்தரை நீட்டி, மீன் ஆர்டர் விஷயத்தைச் சொன்னேன்.

“நாளைக்குக் கப்பல் இல்லேன்னா, இப்ப மேனேஜரை ஒரு வஞ்சிரம் ஆர்டர் பண்ணச் சொல்லுங்க சார். மாசிலாமணிதான் உள்ள பூட்டிக் கெடக்குறாரே. மார்க்கெட்டுல என்ன பேசுறாங்கன்னு பார்ப்போம்.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

3. கல்மண்டபத்தில்

மாலை நான்கு மணிக்கு அப்பாவும் மகளும் போல இன்ஸ்பெக்டரும் நானும் மார்க்கெட்டுக்குப் போனோம். மீன்காரப் பட்டம்மாவிடம் பெரிய வஞ்சிரம் கேட்டேன்.

“பெருசு கெடைக்காது கண்ணு. நாளைக்கி கப்பல் வருதில்ல?”

“உனக்கு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? மத்தியானத்துலேர்ந்து காண்ட்ராக்டரு முழு வஞ்சிரம் வோணும்னு கரை பூரா சுத்திகினு கீறான். வெட்டாத மீனை இங்க எவன் வாங்குறான்? கப்பக்காரன்தான்.”

இன்ஸ்பெக்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

4. லைன் கீதா?

ஸ்டோர் ரூம் கதவை மேனேஜரே திறந்தார். “மனசுல வெச்சுக்காதேப்பா” என்றார். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் என் வேலையில் கை வைக்கவில்லை. அதன் பிறகு கேப்டன்களுக்கு ஆரஞ்சுப் பழம்தான், அதுவும் கப்பல் வந்து நின்ற பிறகு.

மாசிலாமணி நேரே போர்டுக்கு வந்தார். “இன்னா சரோஜா, லைன் கீதா?” என்றார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் அந்த வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “கப்பல் வர்லியாம். உங்க வூட்ல குடுக்கச் சொன்னாங்க” என்று அப்பாவிடம் நீட்டினார். அப்படி யாரும் சொல்லவில்லை என்பது அப்பாவுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. கல்யாணத்துக்குச் சம்மதிக்க இரண்டு வருஷம்.

வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. ஒரு தப்பு நடந்தால், ஆள் எந்தக் குப்பம் என்று கேட்பதற்கு முன்னால் ஆபீஸின் அன்றாட வழக்கத்தை ஒரு முறை பாருங்கள். ரிஜிஸ்தரையும் ஒழுங்காக எழுதுங்கள்.

இவர் இன்றும் வஞ்சிரத்தை முழுதாகத்தான் வாங்கி வருவார். வெட்டுவதும் இவர்தான். ரிஜிஸ்தர் எழுதிய கைக்கு என்று நடுத்துண்டை என் தட்டில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.