பழனாத்தாளின் பரிசல் குடித்தனம்

வாடகை கேட்டு யாரும் வராத வீடு பழனாத்தாளுடையது. பகலில் அது ஆற்றில் மிதக்கும். ராத்திரி கரையில் கவிழ்த்துப் போட்டால் கூரையாகிவிடும். ராமாபுரத்திலிருந்து புருஷன் மாதப்பனோடு வந்தவள், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரியில் பரிசலிலேயே குடித்தனம் நடத்தினாள். அப்போது சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

வாடகை இல்லையே தவிர, செலவுக்குக் குறைவில்லை. பரிசலுக்குத் தார், வலைக்கு நூல், உலைக்கு அரிசி. வெள்ளம் வரும் மாதங்களில் வலை இறக்க முடியாது, வரும்படியும் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தது போல அப்போதுதான் மீன் வியாபாரி சித்தையன் முன்பணத்தோடு வருவார். வாங்கிவிட்டால் வருஷம் முழுக்க அவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டும். மூன்று வருஷமாக அந்தக் கண்ணியில்தான் கிடந்தார்கள். இந்த மழைக்காலத்தில் அவர் கையை எதிர்பார்ப்பதில்லை என்று பழனாத்தாள் வைராக்கியம் வைத்தாள். அவர் வேண்டாமென்று ஒதுக்கும் பொடிமீனை மைசூர் மார்க்கெட்டில் விற்று, கிடைத்த சில்லறையைச் சேர்த்தாள்.

சேர்த்ததை எங்கே வைப்பது? மாதப்பனிடம் கொடுக்கலாமென்றால், கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத மனுஷன். நோட்டாக மாற்றினால் ஈரத்தில் கூழாகிவிடும். அதனால் அணாவும் நாலணாவுமாகத் துணியில் சுருட்டி, பரிசல் விளிம்பின் மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே திணித்து, மேலே நாரால் வரிந்து கட்டிவிடுவாள். எந்தத் திருடன் வந்து பரிசலைப் பிரித்துப் பார்க்கப் போகிறான்?

திருடன் வரவில்லைதான், வினை புருஷன் ரூபத்தில் வந்தது. "பரிசல் ஒரு பக்கமாச் சாயுது புள்ள. மூங்கில் தண்ணி குடிச்சிருச்சாட்டம் இருக்குது" என்று மாதப்பன் சில நாளாகவே முனகிக்கொண்டிருந்தான். அவளும் உம் கொட்டினாளே தவிர, எல்லாக் காசையும் ஒரே பக்கத்தில் திணித்தது தான்தான் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் அவள் மீன் விற்றுவிட்டு வந்தபோது, கரையில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. பரிசல் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் புது மூங்கில் பச்சையாகத் தெரிந்தது. நார்க்கட்டோடு வெட்டியெடுத்த பழைய மூங்கில் தார்ச்சட்டிக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது.

"அய்யோ, காசு போச்சே! மூங்கிலுக்குள்ள காசு வெச்சிருந்தனே!"

மாதப்பன் பதறிப்போய்ச் சட்டியை இறக்கினான். அவள் குடத்துத் தண்ணீரை அப்படியே நெருப்பில் கொட்டி, குச்சியால் கிளறினாள். துணி போன இடம் தெரியவில்லை. ஆனால் சாம்பலுக்குள்ளிருந்து கறுகறுவென்று ஓர் அணா புரண்டு வந்தது. பின்னாலேயே ஒரு நாலணா. அப்புறம் கொத்துக் கொத்தாக. நோட்டாக மாற்றியிருந்தால்! அதுவும் சாம்பலாகியிருக்கும். போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல புள்ள?"

"சொல்லியிருந்தா இந்நேரம் ஊருக்கே படியளந்திருப்பீங்க."

இரண்டு பேருமாகப் புளியும் ஆற்று மணலும் போட்டுத் தேய்த்தார்கள். பளபளப்பு வரவில்லை, ராஜா தலை தெரிந்தது. கடைக்காரனுக்கு அது போதும்.

சாயங்காலம் சித்தையன் வந்தார். "என்னப்பா மாதப்பா, மழை வருதே. எவ்வளவு வேணும்?" என்று மடியை அவிழ்த்தார். மாதப்பன் எப்போதும் போல எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பழனாத்தாள் அவன் கையையே பார்த்தாள். பழக்க தோஷத்தில் இந்த மனுஷன் கையை நீட்டித் தொலைத்துவிடுவாரோ?

"இந்த வருசம் வேண்டாமுங்க" என்றான் மாதப்பன்.

சித்தையன் சிரித்தார். "அப்புறம் மழையில என்னத்தைத் தின்பே?"

"ஊட்டுக்காரி வெச்சிருக்கறாளுங்க."

பழனாத்தாள் கரிபிடித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.