மகனின் மச்சம்

இன்று அச்சுவேலி பஸ்ஸில், கொழும்புச் சர்வகலாசாலையில் படிப்பிக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். என் மகன் படிப்பதும் அங்கேதான்.

"அண்ணை, இப்ப எங்களுக்கும் பெடியளுக்குமெண்டு அங்கையே ஒரு டொக்குத்தரை வைச்சிருக்கினம். முந்தியெண்டால் பெரியாசுபத்திரியிலை கிடந்து காய வேணும். உங்கடை மகன்ரை மச்சத்துக்கும் அவர்தான் முடிவு கட்டினவர்."

மச்சமா? எங்கள் ஊரில் மீன், இறைச்சியையும் மச்சம் என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டுச் சட்டி மீனையோ இறைச்சியையோ கண்டதில்லை. மச்சம் தொடமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் வாங்கித்தான் மனைவி அவனை அனுப்பினாள்.

"தம்பி, எங்கடை பரம்பரைக்கே மச்சம் இல்லை!" என்று கத்திவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பியது.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னண்ணை, உங்கடை கன்னத்திலையே கறுப்பா ஒண்டு இருக்கே! மகனுக்குக் கழுத்திலை. கொலர் உரஞ்சிப் புண்ணாப் போச்சு. டொக்குத்தர் வெட்டி எடுத்திட்டார். இப்ப நல்ல சுகம்."

அப்பாடா! பஸ்ஸோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

இதை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். மகனின் மச்சம் போய்விட்டதென்று மனைவியிடம் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைப் பாவிக்காமல் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அதுவரை நான் வீட்டுக்குப் போவதாக இல்லை.